அதற்கு என்று திருத்தினேன்

ஓர் ஆட்டுக்குட்டியை நான் இலக்கணத்தால் கொன்றேன். கத்தியால் கொன்றவர்கள் என் உறவில் நிறையப் பேர் உண்டு. அவர்கள் குழம்பு வைத்தார்கள், நாலு பேரைக் கூப்பிட்டார்கள், விஷயம் அதோடு முடிந்தது. என்னுடையது அப்படி முடியவில்லை. பழியை இன்னொருவர் தலையில் ஏற்றிவிட்டு நான்கு மாதம் சலவைச் சட்டையோடு திரிந்தேன். அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

முப்பத்து நான்கு ஆண்டுகள் ராயபுரத்தில் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். 'கீது' என்ற வாயை 'இருக்கிறது' என்று சொல்ல வைப்பதுதான் நான் பிறந்ததன் பயன் என்று நம்பினேன். வகுப்புக்குள் 'இருக்கிறது' என்பார்கள். நான் வாசலைத் தாண்டியதும் அது மறுபடி 'கீது' ஆகிவிடும். கடலை வாளியால் இறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், சம்பளமும் வாங்கியிருக்கிறேன்.

ஓய்வு பெற்ற பிறகு திருத்துவதற்கு ஆள் கிடைக்கவில்லை. திருவொற்றியூரில் மகன் வீட்டில் பால் கவரைத் திருத்தினேன், நாள்காட்டியைத் திருத்தினேன். மருமகளின் தகப்பனார் இறந்தபோது தெரு முழுக்க ஒட்டிய சுவரொட்டியில் 'கண்ணீர் அஞ்சளி' என்று அச்சாகியிருந்தது. அப்படிப் போட்டால் ஐந்து வகைச் சளி என்றுதான் பொருள் வரும் என்று துக்க வீட்டில், நாற்காலியில் அமர்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் விளக்கினேன். பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் மருமகள் மிக மரியாதையாகச் சொன்னாள்: "மாமா, தினமும் காலையில கொஞ்சம் நடந்துட்டு வாங்க. தூரமா போயிட்டு வாங்க."

அப்படித் தூரமாகப் போனதில்தான் சாத்தாங்காட்டு இரும்புச் சந்தைக்குப் பின்னால் அந்த ஆட்டைப் பார்த்தேன். செவலை நிறம். சுவரில் ஒட்டியிருந்த 'மாபெரும் பொதுகூட்டம்' என்ற சுவரொட்டியைத் தின்றுகொண்டிருந்தது. க் விட்டுப்போன இடத்தில்தான் முதல் கடி விழுந்திருந்தது. பல ஆண்டுகளுக்குப் பிறகு என் கருத்தோடு ஒத்துப்போகும் ஓர் உயிரைக் கண்ட மகிழ்ச்சியில் அதன் நெற்றியைத் தடவினேன். என் சட்டைப்பையில் இருந்த மின்கட்டண ரசீதையும் அது எடுத்துக்கொண்டது.

"யோவ் பெர்சு, அவ மேல கைய வெக்காத." ஒரு பெண் கையில் அகத்திக்கீரைக் கட்டோடு ஓடி வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். பக்கத்தில் வந்ததும் நின்றுவிட்டாள். "தமிய் சாரா? சாரு, நீ இன்னும் உயிரோட கீறியா?"

எனக்கு அவளை நினைவில்லை.

"ஆறாங் கிளாஸ் சாரு. வாயப்பயம்னு சொன்னதுக்கு ஒரு பீரியடு முட்டி போட வெச்சியே."

"அப்படிப் பலர்..." என்று இழுத்தேன்.

"அத்த வுடு. வா, எங்க ஆளுங்கள பாத்துட்டு போ."

அது மூடிப்போன ஒரு வார்ப்புப் பட்டறையின் முற்றம். அண்ணன் தம்பிகளுக்குள் சொத்துத் தகராறு தீரும்வரை காவலுக்கு இரு என்று உரிமையாளர் அவளை அங்கே வைத்திருந்தார். அவள் காவலுக்கு ஒரு நாயைக் கொண்டுவந்தாள். நாய்க்குத் துணையாக ஒரு கழுதை வந்தது. அப்புறம் யாருக்கும் வேண்டாததெல்லாம் வந்தது: கறவை நின்ற மாடுகள், பந்தயத்தில் ஒற்றைக் கண்ணை இழந்த சேவல், சாக்கடையிலிருந்து தூக்கிய பன்றி. அண்ணன் தம்பிகள் வழக்கை இழுக்க இழுக்க இங்கே ஜனத்தொகை கூடியது. லாரி எடை போடும் மேடையில் பன்றி நாள் முழுக்கப் படுத்திருக்கும். சேவலுக்கு 'ஹெட்மாஸ்டரு' என்று பெயர். ஏன் என்று கேட்டேன். "காலீல வந்து கத்துவான், அப்பால எதுக்குன்னு அவனுக்கே தெரியாது" என்றாள்.

மறுநாளும் போனேன். அதற்கு மறுநாளும் போனேன். தண்ணீர் பிடித்து ஊற்றுவேன், கல்யாண மண்டபத்திலிருந்து வரும் வாழை இலைகளில் குச்சி, நூல் கிடந்தால் பொறுக்குவேன். செவலை என்றே பெயர் கொண்ட அந்த ஆட்டுக்காக வீட்டுப் பழைய தாள்களைக் கொண்டுபோவேன். என் பை இருக்கும் பக்கம் எது என்று அவளுக்குத் தெரியும்.

அவளுக்கு என்று இப்போது எழுதுகிறேன். அப்போது எழுதியிருக்கமாட்டேன். தொல்லையே அங்கேதான் தொடங்கியது.

வாசலில் ஒரு பழைய கரும்பலகை தொங்கியது. வந்து போகிறவர்கள் படிப்பதற்காக அன்றன்றைய செய்தியை அந்தப் பெண் அதில் எழுதுவாள். 'பெரியவரு ராத்திரி சாப்டல. கேட்டா மூஞ்சிய திருப்பிகிறாரு.' பெரியவரு என்பது ஓர் எருது. யானைக்கவுனியிலிருந்து இரும்பு வண்டி இழுத்துத் தோள் புண்ணாகி வந்தவர். 'ஹெட்மாஸ்டருக்கு கண்ணுல மருந்து வுடணும். கொத்துவான்.' நான் பையிலிருந்து சுண்ணக்கட்டியை எடுப்பேன். ஆம், ஓய்வு பெற்ற பிறகும் பையில் சுண்ணக்கட்டி வைத்திருந்தேன். 'எருது நேற்றிரவு தீவனம் உண்ணவில்லை. கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது.'

"சாரு, அவரு எப்டி சாரு 'கொள்கிறது' ஆவாரு?" என்று ஒரு நாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"விலங்கு அஃறிணை அம்மா. மனிதர்கள், தேவர்கள், நரகத்தில் இருப்பவர்கள், இவர்கள்தான் உயர்திணை."

"நரகத்துல கீறவன் ஒசத்தி, எங்க பெரியவரு மட்டமா?"

"இலக்கணம் அப்படித்தான்."

"அப்ப எங்கூட்டுக்காரன் இன்னா திணை? குடிச்சிட்டு ரோட்ல கெடக்கறப்போ சொல்லு."

சுண்ணக்கட்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். இன்னொன்றும் உறுத்தியது. அவள் எருதை அவர் என்றாள். என்னை நீ என்றாள்.

செவலைக்கும் பெரியவருக்கும் இருந்த சிநேகத்தை அங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை. பக்கத்துக் கிடங்கில் கிரேன் கம்பிக் கட்டை இறக்கும்போது நிலமே அதிரும். மற்ற ஆடுகள் சிதறி ஓடும். செவலை நேராகப் பெரியவரின் வயிற்றுக்கு அடியில் போய் நின்றுகொள்வாள். வாழ்நாளெல்லாம் அந்தக் கம்பியை இழுத்தவர் என்பதால் அவருக்கு அந்தச் சத்தம் ஒரு பொருட்டே இல்லை. மதியத்தில் அவர் படுத்தால் அவர் மேல் ஏறி நின்று தெருவைப் பார்ப்பாள். அவர் வாயிலிருந்து தொங்கும் வைக்கோலை இழுத்துத் தின்பாள். மனிதர்கள் பக்கத்தில் வந்தால் கொம்பை ஆட்டும் அவர் இதற்கெல்லாம் கண்ணை மூடிக்கொள்வார்.

பிறகு இன்னொரு செவலை வந்தான். முழங்கால் பெருத்த ஒரு கிடா. அவனுக்கும் செவலை என்றே பெயர் வைத்தாள். குழப்பமாகாதா என்றேன். "இன்னா கொயப்பம்? இவ கீறா, அவன் கீறான்" என்றாள். அங்கே எல்லோருக்கும் அது போதுமானதாக இருந்தது. என்னைத் தவிர.

ஒரு சனிக்கிழமை மாட்டு டாக்டர் வந்து கிடாவின் காலைப் பார்த்தார். வீக்கம் வற்ற மூன்று நாள் ஊசி எழுதினார். சினையாக இருப்பவளுக்கு அந்த ஊசி ஆகாது, போட்டால் நாளுக்கு முன்பே பிரசவமாகிவிடும் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறார். பெட்டை சினை என்பது அவளுக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஞாயிறு காலை அவள் ராயபுரத்தில் அக்கா பேரனின் ஞானஸ்நானத்துக்குப் போனாள். செவ்வாய்க்கிழமை வருவேன் என்றாள். போகும்முன் பலகையில் எழுதினாள்:

'செவலைக்கு கால் வீங்கிக்கீது. அவனுக்கு மூணு நாளு ஊசி. கம்பவுண்டரு போடுவாரு.'

அவள் போய்க் கால்மணி நேரத்தில் நான் சுண்ணக்கட்டியோடு நின்றேன். 'செவலைக்குக் கால்' என்று க் போட்டதில் ஒரு நிறைவு. 'மூன்று நாள்கள்' என்பதா 'மூன்று நாட்கள்' என்பதா என்று வெயிலில் நின்று வெகுநேரம் யோசித்தேன். நாள்கள் என்றே முடிவு செய்தேன். 'அவனுக்கு' என்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை. அழித்துவிட்டு 'அதற்கு' என்று எழுதினேன்.

கம்பவுண்டர் பெரம்பூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கால்நடை மருந்தகத்தில் நாற்பது ஆண்டுகள் இருந்தவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். தடித்த கண்ணாடி, இஸ்திரி போட்ட வெள்ளை பேண்ட். பலகையை வாய்விட்டுப் படித்தார்.

"எந்த செவல சாரு? ரெண்டு கீதே."

பெட்டை என் பக்கத்தில்தான் நின்று பையை முகர்ந்துகொண்டிருந்தாள். பின்னங்கால்கள் சற்று உப்பித் தெரிந்தன. "இதுதான்" என்றேன்.

"வவுறு பெர்சா கீது. சென இல்லியே?"

"அதெல்லாம் சுவரொட்டி தின்று உப்பிய வயிறு" என்றேன்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆசிரியர்களுக்கு அந்தச் சொல் வாயில் வருவதில்லை. அவர் சிரித்தார். நான் கொம்பைப் பிடித்துக்கொண்டேன். வேறு யார் பிடித்திருந்தாலும் துள்ளியிருப்பாள். நான் பிடித்ததால் என் சட்டைப் பொத்தானைக் கடித்துக்கொண்டு நின்றாள். ஞாயிறு ஒன்று, திங்கள் ஒன்று.

செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்குச் செவலை பெரியவரின் காலடியில் படுத்துக்கொண்டு ஒரு மாதிரியாகக் கத்தினாள். அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டேன்.

"கத்துறாளா? தண்ணி ஒயுவுதா?" என்றாள். "சாரு, அவளுக்கு இன்னும் மூணு வாரம் கீதே. இன்னா பண்ணீங்க? ஊசி கீசி எதுனா அவளுக்கு போட்டீங்களா? அவனுக்குனு தானே எயுதுனேன்?"

இப்போது என்ன செய்வது என்று மட்டும் கேட்டேன்.

"தோ வரேன். சாக்க விரிச்சு பக்கத்துல குந்து. குட்டி வந்தா மூஞ்சில சவ்வு இருக்கும், கைய வுட்டு தொடச்சு வுடு. மூச்சு வாங்க வழி பண்ணு. புர்தா?"

புரிந்தது. எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். அவள் வந்து சேர அரை மணிக்கு மேல் ஆகும் என்பதும் புரிந்தது.

இப்போது எழுதப்போவதை என் மகனிடம்கூட நான் சொன்னதில்லை. நான் சாக்கை எடுக்கவில்லை. பலகையை நோக்கிப் போனேன்.

ஈரத்துணியால் துடைத்துவிட்டு அவள் எழுதியிருந்ததை அப்படியே திரும்ப எழுதினேன். க் இல்லாமல். 'மூணு நாளு.' 'வீங்கிக்கீது.' 'அவனுக்கு.' அவள் கையெழுத்தில் ளு கொஞ்சம் சாய்ந்திருக்கும். அதை இரண்டு முறை அழித்து எழுதினேன். ஆயிரக்கணக்கான விடைத்தாள்களைத் திருத்திய கைக்கு ஒரு மாணவியின் பிழையைப் போலச் செய்வது சிரமமாக இல்லை.

திரும்பி வந்தபோது முதல் குட்டி தரையில் கிடந்தது. முகத்தில் சவ்வு மூடியிருந்தது. விலக்கினேன், ஊதினேன், காலைப் பிடித்துத் தூக்கி உதறினேன். ஒன்றும் இல்லை. பக்கத்தில் இரண்டாவது குட்டியும் விழுந்திருந்தது. பெரியவர் கயிற்றை இழுத்துக்கொண்டு, முன்னங்காலை மடித்து, அரம் மாதிரி இருந்த நாக்கால் அதன் முகத்தை நக்கிக்கொண்டிருந்தார். குட்டி தும்மியது. நான் கையை நீட்டியதும் கொம்பை ஆட்டினார். நான் தள்ளி உட்கார்ந்தேன்.

அவள் வந்தாள். செத்த குட்டியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். ஞானஸ்நானத்துக்குக் கட்டிய பட்டுப் புடவை. அந்த நேரம் பார்த்து மூன்றாவது ஊசியோடு கம்பவுண்டர் உள்ளே வந்தார்.

"யாருக்கு போட்ட நீ ஊசிய?" என்றாள்.

அவர் செவலையைப் பார்த்தார், துணியைப் பார்த்தார்.

"போர்ட பாரு நைனா. கொட்ட எயுத்துல அவனுக்குனு எயுதி வெச்சிட்டு போனேன். கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

கம்பவுண்டர் பலகைக்குப் பக்கத்தில் போனார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதைப் பழி கேட்கும் பார்வை என்று சொல்ல மாட்டேன். நானும் அவரும் ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து படித்த சொல் அது இல்லையே என்று என்னிடம் உறுதிசெய்துகொள்ள விரும்பியவரைப் போலிருந்தது. நான் குட்டிக்குப் பால் கரைக்க டப்பாவைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன்.

"நான்தான் போட்டேன்" என்றார். பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

பிழைத்த குட்டிக்குப் பின்னங்கால் ஒன்று சரியாக ஊன்றாது. இருந்தும் இரண்டு மாதத்தில் பெரியவரின் முதுகில் ஏறக் கற்றுக்கொண்டான். ஏறத் தெரிந்த அளவுக்கு இறங்கத் தெரியாது, விழுவான். அவன் அம்மா என் பக்கமே வருவதில்லை. தாளை நீட்டினால் நின்று பார்ப்பாள், வரமாட்டாள். நான் பலகையைத் திருத்துவதை விட்டுவிட்டேன். "இன்னா சாரு, சாக்பீசு தீந்துச்சா?" என்று அந்தப் பெண் கேலி செய்வாள். நல்ல மனிதனாகிவிட்டேன் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டேன்.

நான்காவது மாதம் பன்றிக்குக் காய்ச்சல். ஊசி போட ஆள் இல்லை. "கம்பவுண்டரு வரமாட்டேன்றாரு" என்றாள், தொட்டியைக் கழுவிக்கொண்டே. "நானும் அன்னிக்கு கண்டமேனிக்கு பேசிட்டேன். அவரு கண்ணு ஆப்பரேசன் பண்ணிகினாராம் சாரு. டாக்டரு இப்போ அவசரமில்லனாராம். இவருதான் கேக்கலியாம். எயுத்து மாறி மாறி தெரியுது, இனிமே ஒரு உயிர தொடமாட்டேன்னு ஊசிப் பொட்டிய யாருக்கோ குடுத்துட்டாராம்."

என் கையில் வாளி இருந்தது. கீழே வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன்: அதற்கு, உப்பிய வயிறு, பலகை. நின்றுகொண்டே, அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அந்த ஒன்றை மட்டும்தான் நான் சரியாகச் செய்தேன்.

அவள் குழாயை நிறுத்தினாள். "போர்டு எயுத எம்மா நேரம் ஆச்சு?"

"பத்து நிமிடம்."

"குட்டி அப்போ வந்துச்சா?"

"ஆமாம்."

"எங்கெயுத்து மாதிரியே எயுதுனியா?"

"ஆமாம்."

"இதே தமியுக்குத்தான் சாரு என்ன முட்டி போட வெச்ச. ஒனக்கு ஒண்ணுன்னா மட்டும் தப்பில்லாம வருது." அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் தேவலை. "என்னாண்ட இன்னாத்துக்கு நிக்கற? பெரம்பூர் பஸ்ஸு அந்தாண்ட."

கம்பவுண்டர் வீட்டு வாசலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவரிடமும் சொன்னேன்.

"அப்போ போர்டுல 'அதற்கு'ன்னுதான் கீந்துச்சு" என்றார்.

"ஆமாம்."

"நான் படிச்சது கரீட்டு."

"கரெக்ட்."

"நீங்க காட்னது எனக்கு தெரியும் சாரு. அத்த நான் சொல்ல வரல. ஊசி என் கையில இருந்துச்சு, வவுத்த தொட்டு பாத்திருக்கணும். நாப்பது வருசம் தொட்டு பாத்தவன். படிச்சவரு சொல்றாரேன்னு அன்னிக்கு வுட்டேன். அது என் தப்பு. ஆனா கண்ணு..." கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். "நல்லா இருந்த கண்ண கீறிகினேனே சாரு. நாலு மாசமா காலண்டர பாத்தா கூட ரெண்டு தபா பாக்கறேன். என் பொஞ்சாதி மூஞ்ச பாத்தா கூட."

மன்னியுங்கள் என்றேன். காபி கொடுத்தார்கள். சர்க்கரை இல்லை. கேட்கும் தகுதி எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை, குடித்தேன்.

எழுந்தபோது, "அந்த குட்டி கீறானா?" என்று கேட்டார்.

"இருக்கிறான்" என்றேன். பிறகு, "நொண்டுவான். கீறான்" என்றேன். முப்பத்து நான்கு வருடம் அடித்துத் துரத்திய சொல். வாயில் கோணலாகத்தான் வந்தது. அவர் சிரிக்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை வந்தார். ஊசிப் பெட்டியைத் திரும்ப வாங்கியிருந்தார். அந்தப் பெண் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நைனா, அன்னிக்கு பேசுனத மன்சுல வெச்சிக்காத" என்றாள். எனக்கு அப்படி யாரும் சொல்லவில்லை. சொல்லக் காரணமும் இல்லை. கிடாவுக்கு மறுபடி முழங்கால் வீங்கியிருந்தது. டாக்டர் அதே ஊசியை எழுதியிருந்தார். கம்பவுண்டர் பலகையை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் படித்தார். செவலையின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். அவன் வயிற்றையும் தொட்டுப் பார்த்தார். எல்லாம் முடிந்து என் பக்கம் திரும்பினார்.

"யாருக்கு சாரு?"

"செவலைக்கு. அவனுக்கு."

"எழுதிக் குடுங்க. கையெழுத்து போட்டு."

அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். நான் பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து எழுதினேன். செவலை அவனுக்கு ஊசி. கீழே என் பெயர், தமிழாசிரியர், ஓய்வு. அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்து இரண்டு முறை படித்துவிட்டு ஊசியைப் போட்டார். முடிந்ததும் தாளை என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

செவலை பெரியவரின் வயிற்றுக்கு அடியிலிருந்து அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீட்டினேன். வரவில்லை. தரையில் வைத்து மேலே ஒரு சிறு கல்லை வைத்தேன். பத்தடி தள்ளிப் போய் எடைமேடையில் பன்றிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அதன் பிறகு வந்து தின்றாள்.